சூட்டு உடம்பு

குளிர்கிறது. அக்னி நட்சத்திரத்தில், வெள்ளகோயிலில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், சொந்தக் கடைத் தரையில் மல்லாந்து கிடந்துகொண்டு எனக்குக் குளிர்கிறது. வேறு யாராவது வந்து என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால், போய் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் படு என்று விரட்டியிருப்பேன். வெளியே தார் ரோட்டில் கானல் ஓடுகிறது, ஷட்டரைத் தொட்டால் கை பொத்துப்போகும், எதிர்க்கடை மரியதாஸ் காலையிலிருந்து ஜூஸ் பிழிந்து மாளாமல் தவிக்கிறான். இங்கே என் முதுகுத்தண்டில் ஒரு குளிர் மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிதான் காரணம். குளிருக்குக் காரணம் தெரியாது, நான் கிடப்பதற்குக் காரணம் கண்ணாடி. ஆளுயரக் கண்ணாடித் தாள், எட்டு மில்லி கனம், ஒரு முனையில் நான், மறு முனையில் கடைப் பையன் வேலுச்சாமி. மீசை முளைத்த நாளிலிருந்து கண்ணாடி தூக்குகிறவன் நான். கண்ணாடி விரிசல் விடுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும், அந்தச் சத்தம் கேட்டால் கையை விட்டுவிட்டுப் பின்னால் குதித்துவிட வேண்டும், பிடிக்கப் போகக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தனுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன், சொல்லும்போது கொஞ்சம் அதட்டியே சொல்வேன். சத்தம் கேட்டது. நான் பிடிக்கப் போனேன். ஏன் போனேன் என்று இப்போது கேட்டால் என்ன சொல்வது, கை தானாகப் போயிற்று. பாதித் தாள் வலது தொடையின் உள்பக்கத்தில் இறங்கியது. வலிக்கவே இல்லை, ஒரு சுரீர், அவ்வளவுதான். பிறகு வேட்டி நனைந்தது, தரை நனைந்தது, இவ்வளவும் என்னிடமிருந்தா வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன், உட்கார்ந்தவன் படுத்துவிட்டேன்.

வேலுச்சாமி என் தொடைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். தன் துண்டைச் சுருட்டி வெட்டில் திணித்து இரண்டு கையாலும் அழுத்துகிறான், அழுத்திக்கொண்டே அழுகிறான், மூக்கைத் துடைக்கக் கை இல்லை. "அண்ணா, கண்ண மூடீராதீங்ண்ணா, ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, முத்தூர்ல இருந்து கெளம்பீட்டாங்களாமா." கண்ணை நான் மூடவில்லை. மூடினால்தான் இந்தக் கூட்டத்தைப் பார்க்காமல் இருக்கலாம். கூட்டத்தில் எல்லோரும் நல்லவர்கள், அதுதான் கஷ்டம், ஆளுக்கொரு நல்லது செய்யாமல் விடமாட்டார்கள். "காத்து வரட்டும், வெலகி நில்லுங்கப்பா" என்று ஒருத்தன் விலக்குகிறான், விலகிய இடத்தில் இன்னொருத்தன் என் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டாண்டு ஃபேனை இழுத்து வந்து நிறுத்தி முழு வேகத்தில் வைக்கிறான். மரியதாஸ் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துக் கொண்டுவந்திருக்கிறான். "ஐஸ் வெச்சா ரத்தம் ஒறஞ்சு டக்குனு நின்னுரும், நீ கைய எடுத்தராத வேலு, நான் சுத்தியும் வெக்கறேன்" என்று தொடையைச் சுற்றி, இடுப்புக்கு இரண்டு பக்கமும், மிச்சமிருந்ததை வயிற்றின் மேலும் வைக்கிறான். இன்னொரு பெரியவர் எங்கே வெட்டு என்றே தெரியவில்லையே என்று தண்ணீர் கேனைச் சரித்துக் கழுவிவிடுகிறார், தண்ணீர் சட்டைக்குள் ஓடி முதுகுக்கு அடியில் தேங்குகிறது. இப்படித்தான் செத்துப்போன என் அண்ணனை நடுவாசலில் பலகையில் கிடத்திச் சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கொரு சொம்பு ஊற்றினோம். ஊற்றும்போது அவன் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, நான்தான் தாடையைப் பிடித்துக்கொண்டேன், தாடை அரைத்த சந்தனக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. போதும் நிறுத்துங்கள், இன்னும் போகவில்லை, ஆள் உள்ளேதான் இருக்கிறேன். சொல்லத்தான் நினைத்தேன். பல் ஒன்றோடு ஒன்று அடித்துக்கொள்கிறது, அடிக்கிற பல்லுக்கு நடுவில் பேச்சை நுழைக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் என்றால் சாவுப் பயம்தான், வேறென்ன.

கோகிலவாணி வந்துவிட்டாள். வீடு பின்சந்தில், எனக்குச் சோறு போட்டுவைத்துவிட்டு உட்கார்ந்திருந்திருப்பாள், செருப்புப் போடாமல் ஓடி வந்திருக்கிறாள், இந்த வெயிலில் கால் வெந்திருக்கும். அலறவில்லை. அவள் அப்படித்தான், பால் பொங்கி வழிந்தால் வீடு அதிரக் கத்துவாள், பெரிய விஷயத்துக்கு வாய் திறக்கமாட்டாள். தலைமாட்டில் மண்டிபோட்டு என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, என்னையப் பாருங்க. இங்க பாருங்க." பார்த்தேன். "இப்படி நடுங்கறாரே" என்றாள். "பயத்துலீங்க்கா, ரத்தத்தப் பாத்துப் பயந்துட்டாரு" என்றான் மரியதாஸ். நெற்றியைத் துடைத்தாள், கையைப் பார்த்தாள், கை நனைந்திருந்தது. அங்கேதான் எல்லாம் கெட்டது. "வேர்த்து ஊத்துது பாருங்க. அவருக்குச் சூட்டு உடம்புங்க, புழுக்கம் ஆகவே ஆகாது. அந்த ஃபேன இப்படி மூஞ்சிக்கு நேராத் திருப்புங்க." எனக்குச் சூட்டு உடம்பு என்பது ஊருக்கே தெரியும். மாம்பழம் தின்றால் கட்டி வரும், கோழிக்குழம்பு சாப்பிட்டால் மறுநாள் கண் எரியும், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யாரும் என்னிடம் பேச முடியாது. மார்கழியிலும் பச்சைத் தண்ணீர்தான், போர்வை என்ற ஒன்றைத் தொட்டதே கிடையாது. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோகிலாவுக்கு நேரெதிர் உடம்பு, சித்திரையிலும் தலையோடு கால் போர்த்துவாள். கல்யாணமாகி எங்களுக்குள் வந்த முதல் சண்டை ஃபேனுக்குத்தான், நான் ஐந்தில் வைப்பேன், அவள் எழுந்து இரண்டில் வைப்பாள். குளிருதுங்க என்பாள், உனக்கு எப்பப் பார்த்தாலும் இதே நடிப்பு என்பேன். இப்போது அவளே ஐந்தில் வைக்கச் சொல்கிறாள். காற்று ஈரச் சட்டையில் மோதுகிறது. வேண்டாம் கோகிலா, ரெண்டில் வை, ரெண்டுகூட வேண்டாம், நிறுத்திவிடு.

ஆம்புலன்ஸிலிருந்து இறங்கியது ஒரு பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும், தலைமுடியைக் கொண்டை போட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தாள். குனிந்து பார்த்ததும் முதலில் ஐஸைத்தான் இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். "யாருங்க இத வச்சது? எல்லாத்தையும் எடுங்க. ஃபேன அணைங்க மொதல்ல." மரியதாஸின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் நல்ல மனசோடுதானே வைத்தான். வேலுச்சாமியை நகர்த்திவிட்டு என்னவோ ஒரு பஞ்சுக் கட்டை வெட்டுக்குள் செருகி மேலே பட்டியைப் போட்டு இறுக்கினாள், அப்போதுதான் வலி வந்தது, இவ்வளவு நேரம் எங்கேயோ போயிருந்துவிட்டு வீடு தேடி வந்த மாதிரி வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். வண்டிக்குள் வைத்து ஈரச் சட்டையையும் வேட்டியையும் கத்தரியால் வெட்டி எடுத்தாள், வெட்கப்பட எனக்கு நேரமில்லை, கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினாள், சிவப்புக் கம்பளி ஒன்றைக் கழுத்து வரை போர்த்தி இரண்டு பக்கமும் செருகினாள். கம்பளி குத்துகிறது, டெட்டால் நாற்றம், ஆனாலும் அடடா. "ஏசி போடாதீங்கண்ணா, உள்ள சூடாவே இருக்கட்டும்" என்று டிரைவரிடம் சொன்னாள். "இந்த வெயில்லயா ஷர்மிளா?" என்றான் அவன். "ஆமாண்ணா." கோகிலா என் தலைப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "அக்கா, போர்வை விலகாமப் பாத்துக்கங்க. நான் ஈரோட்டுக்குப் போன் பேசணும், ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லணும்" என்றாள் ஷர்மிளா. ஒரு கை கட்டின்மேல் அழுத்தியபடி, மறு கையில் போன், எங்களுக்கு முதுகு. சைரன் கத்துகிறது. வண்டி கிளம்பிவிட்டது. அம்மிணி, நீ யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கணும்.

கம்பளிக்குள்ளும் நடுங்குகிறேன். தோள் தனியாக, தாடை தனியாக, வயிறு தனியாக ஆடுகின்றன, முதலாளி சொல் கேட்காத வேலைக்காரர்கள். எதையாவது நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நினைப்பை விட்டால் தூங்கிவிடுவேன், தூங்கக் கூடாது என்று வேலுச்சாமி சொல்லியிருக்கிறான். கணக்குப் போடுவோம். ஜன்னல் நாலுக்கு ஆறு. சதுர அடி எவ்வளவு? நாலுக்கு ஆறு. நாலும் ஆறும். கடைக்கு வருகிறவன் அளவைச் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் சதுர அடியைச் சொல்வேன், எதிரே இருப்பவன் போனை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு ஆமாங்க்ணா என்பான். நாலுக்கு ஆறு. விடை வரவில்லை. தொண்டை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. இது காலில் பட்ட வெட்டுதானே, தலையில் ஏதும் படவில்லையே, பிறகு ஏன் வரவில்லை? இந்தப் பயம் முதல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, அதனால்தான் சொல்லிவிடுவோம் என்று நாக்கைப் புரட்டினேன். நாக்கு கனக்கிறது. "குளிருது." சரியாகத்தான் வந்தது. கோகிலாவின் காதில் விழுந்துவிட்டது, குனிந்து என் முகத்தையே பார்த்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "என்னுங்க மாமா, என்ன சொல்றீங்க?" "குளிருது கோகிலா." "அய்யோ, உளற ஆரம்பிச்சுட்டாரே" என்றாள். எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இவரு வாயில இந்த வார்த்தை வந்ததே இல்லையே. சூடு தலைக்கேறிப் போச்சு." ஒரு மனுஷன் ஆயுசில் ஒருமுறை தனக்குக் குளிர்கிறது என்று ஒத்துக்கொண்டால் அதற்கு இதுதான் மரியாதை. அவள் ஷர்மிளாவின் முதுகைப் பார்த்தாள். எழுந்து டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஜன்னலைத் தட்டினாள். "அண்ணா, ஏசியப் போட்டு விடுங்கண்ணா, இந்தப் புழுக்கத்துல கம்பளிய வேற மூடி வெச்சிருக்குது, ஆளு வெந்துருவாரு." "அந்தப் பாப்பா வேண்டாம்னுச்சேம்மா." "அது அப்பங்கண்ணா. இப்பப் போடச் சொல்லுச்சு." பொய். கோகிலா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, எனக்காக முதல் பொய்யைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து முந்தானையால் எனக்கு விசிறவும் ஆரம்பித்துவிட்டாள்.

கூரையிலிருந்து காற்று நேராக முகத்தில் இறங்குகிறது. கூடவே ஒரு முனகல், ம்ம்ம் என்று ஒரே சுதியில். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அண்ணனை வைத்த ஐஸ் பெட்டி இப்படித்தான் முனகியது, அவன் மகன் துபாயிலிருந்து வரும்வரை அண்ணன் பெட்டிக்குள்ளேயே இருந்தான், கண்ணாடி மூடியில் பனி படிந்து முகம் மங்கும்போதெல்லாம் யாராவது ஒரு துணியால் துடைத்துவிட்டோம். நான் அந்த மூடியை விரலால் தட்டிப் பார்த்தேன், நாலு மில்லிகூட இருக்காது, மட்டமான சரக்கு. எதைப் பார்க்கிறான் பார், கூடப்பொறந்தவன் செத்துக் கிடக்கிறான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். கோகிலா என் காதில் வந்து "பெரிய மாமாவுக்குக் குளுருமேங்க" என்றாள், நான் அந்த இடத்திலும் சிரித்துவிட்டேன். செத்தவனுக்கே குளிருமென்று இரங்கியவள் இவள். இப்போது நான் உயிரோடு சொல்கிறேன். நரம்பில் ஏறும் மருந்துத் தண்ணீர் முழங்கைக்கு மேலே வருவது தெரிகிறது, குளிர்ச்சியாக ஒரு கோடு. தோள் நின்றுவிட்டது. தாடையும் நின்றுவிட்டது. ஒவ்வொன்றாக வேலையை முடித்துக்கொண்டு கிளம்புகின்றன. "நின்னுருச்சு, நடுக்கம் நின்னுருச்சு, மாரியாத்தா" என்று கோகிலா கையெடுத்துக் கும்பிட்டாள், ஏசியைப் பார்த்துக் கும்பிட்ட மாதிரிதான் இருந்தது. ஷர்மிளா போனில் ரத்த வகையை இரண்டாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நடுவில், "என்ன இது, கட்டு திரும்பவும் நனையுது" என்று இன்னொரு பஞ்சை எடுத்து வைத்து அழுத்துகிறாள். நனையட்டும். எனக்கு இப்போது எதுவும் குறையில்லை.

உண்மையாகவே குறையில்லை, சுகமாக இருக்கிறது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பி நெஞ்சுக்கு வருகிறது, கழுத்துக்கு வருகிறது. பார்த்தீர்களா, எங்கே போனாலும் என் உடம்பு என்னிடம் திரும்பி வந்துவிடும். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனபோது எல்லோரும் ஸ்வெட்டரும் குல்லாயுமாக உட்கார்ந்திருந்த பஸ்ஸில் நான் மட்டும் அரைக்கைச் சட்டை, கண்டக்டரே கேட்டான், எந்த ஊருங்க நீங்க என்று. ஏரிப்பக்கம் நடந்தோம். இப்போதும் நடக்கிறோம், கோகிலா பச்சைப் புடவை, கையை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கிறாள், வெயில் நன்றாக அடிக்கிறது, ஊட்டியில் இவ்வளவு வெயிலா, தாங்கவில்லை, உடம்பெல்லாம் எரிகிறது. யார் என்மேல் சாக்கைப் போட்டு மூடியது? இழுத்தேன். கை மரக்கட்டை, விரல் மடங்கவில்லை, மணிக்கட்டால் தள்ளினேன். "புழுங்குதுங்களா?" என்றாள் கோகிலா, குரலில் அப்படி ஒரு சந்தோஷம், அவளுக்குத் தெரிந்த புருஷன் அவளிடம் திரும்பி வந்துவிட்டான். "எடுத்தர்றேன் மாமா, எடுத்தர்றேன்." கம்பளியை இடுப்புவரை உருவிக் கீழே தள்ளினாள், காற்று நெஞ்சில் விழுந்தது, குளிரவில்லை, ஒன்றுமே இல்லை, காற்று யார் மேலோ விழுகிறது. இப்படியே விட்டுவிடலாம். நாலுக்கு ஆறு யாருக்கு வேண்டும், ஜன்னல் வைக்கிறவன் அளந்துகொள்ளட்டும். கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துக்கொண்டு கோகிலா என் நெஞ்சைத் துடைக்கிறாள். துடை. நன்றாகத் துடை. நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

கைக்குட்டை நின்றுவிட்டது. உள்ளங்கை நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. அவள் கை சுடுகிறது, கோகிலாவின் கை எனக்குச் சுட்டதாகச் சரித்திரமே கிடையாது, பாம்புக் கை என்று கேலி பண்ணுவேன். கையை வயிற்றுக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து எடுத்து அக்குளில் வைத்தாள். ஃபேன் சண்டையெல்லாம் ஓய்ந்து நான் ஜெயித்துப் படுத்த பிறகு, விடியப்போகிற நேரத்தில், அவள் பாதம் இரண்டும் போர்வையை விட்டு வெளியே வந்து என் கெண்டைக்காலைத் தேடிக்கொண்டு வரும். நான் தூங்குகிற மாதிரி காலை நகர்த்திக் கொடுப்பேன். பகலில் அதைப்பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அதனால் அவளுக்கு இந்த உடம்பின் சூடு எவ்வளவு என்று தெரியும், டாக்டருக்குத் தெரியாது, எனக்கே தெரியாது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை. "ஏ கண்ணு" என்றாள். சைரனில் கேட்கவில்லை. "ஏ கண்ணு, இங்க பாரு! இவரு இப்படி இருக்கமாட்டாரு. இது இவரு உடம்பே இல்ல, சில்லுனு கெடக்குது." ஷர்மிளா திரும்பினாள். இடுப்பில் கிடந்த கம்பளியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், என் நெஞ்சில் கை வைத்தாள். "யாருக்கா போர்வைய எடுத்தது? ஏசிய யாரு போடச் சொன்னது?" "நாந்தான் கண்ணு, நாந்தான். அவருக்கு வேர்த்துது, சூட்டு உடம்புன்னு..." "அது வேர்வை இல்லக்கா, ரத்தம் போனா அப்படித்தான் ஊத்தும். உடம்பு குளுந்துட்டா ரத்தம் உறையாதுக்கா, கட்டு போட்டாலும் நிக்காது." கத்தவில்லை அந்தப் பெண், கத்தியிருந்தால் கோகிலாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அண்ணா, ஏசிய நிறுத்துங்க, ஹீட்டர் போடுங்க!" என் நெஞ்சின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள், கம்பளியை மேலே இழுத்தாள், இன்னொரு போர்வையை எடுத்து உதறினாள், தலைக்கும் ஒரு துணியைச் சுற்றினாள். "நான் இந்தக் கட்ட விட முடியாது. நீங்க அவரு கையப் பிடிச்சுச் சூடு குடுங்க, கட்டிப் பிடிச்சுக்கங்க, வெக்கப்படாதீங்க."

கோகிலா வெட்கப்பட்டாள், டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறானோ என்று ஒரு தடவை நிமிர்ந்தாள். பிறகு இரண்டாவது போர்வையை எங்கள் இருவர் தலையோடும் இழுத்துக்கொண்டு, என் கையைத் தன் அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு, மருந்து ஏறும் கையில் படாமல் என்மேல் கவிழ்ந்துகொண்டாள். வேண்டாம் கோகிலா, எரிகிறது என்று முனகினேன், முனகலை அவள் காதில் வாங்கவே இல்லை. வண்டிக்குள் வெயிலும் ஹீட்டரும் சேர்ந்துகொண்டன. ஷர்மிளாவின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டுவதைப் போர்வை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கோகிலாவுக்கு வேர்த்தது, கழுத்து, கன்னம், கை எல்லாம் வேர்த்து என்மேல் ஒழுகியது, அந்த ஒடிசலான உடம்பிலிருந்து இத்தனை வேர்வை வருமா. "மாமா, பேசுங்க. ஏதாவது திட்டுங்க." நாலுக்கு ஆறு, என்றேன். "ஆமாங்க, நாலுக்கு ஆறு" என்றாள், அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஏரி போய்விட்டது, ஊட்டி போய்விட்டது, சுகம் போய்விட்டது. தொடையில் வலி வந்தது, அதற்குப் பின்னாலேயே குளிர் வந்தது, பழைய குளிர், முதுகுத்தண்டில் ஊர்கிற அதே சனியன். தாடை ஆட ஆரம்பித்தது. தோள் ஆட ஆரம்பித்தது. நான் ஆடுகிற ஆட்டத்தில் கோகிலாவும் சேர்ந்து ஆடினாள், போர்வையை விலக்கித் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். "கண்ணு, மறுபடி நடுங்குது! மறுபடி வந்துருச்சு!" ஷர்மிளா எட்டிப் பார்த்தாள், இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக அந்தப் பெண் சிரித்தாள். "நடுங்கட்டும்க்கா. நல்லா நடுங்கட்டும். அவரு உடம்பு தானாச் சூடு பண்ணப் பாக்குது." "அப்பிடின்னா நல்லதா?" "அப்போ நின்னுச்சே, அதுதான் மோசம்." கோகிலா விலகிய போர்வையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். சிறிது நேரம் கழித்து ஷர்மிளா கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நனையறது கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கு" என்றாள், யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

கதவு திறந்தது. வெளிச்சம், ஆள் சத்தம், ஸ்ட்ரெச்சர் தடக்கென்று இறங்கியது. ஈரோட்டு வெயில் கண்ணுக்குள் குத்தியது, எனக்குப் பல் அடித்துக்கொண்டே இருக்கிறது, நாக்கைக் கடித்துவிட்டேன், வலித்தது, வலித்தது நன்றாக இருந்தது. ஷர்மிளா உள்ளேயிருந்து வந்த டாக்டரிடம் வேகவேகமாக ஏதோ சொல்லிக்கொண்டே நடக்கிறாள். தள்ளுகிறவர்களில் ஒருத்தர், வயசானவர், பார்த்தாலே இரக்க சுபாவம் தெரிகிறது, என்னைக் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, இந்த அனல்ல ரெண்டு போர்வையப் போட்டு மூடி, பாவம், மனுசன் மூச்சு முட்டியே போயிருவாரு" என்று கம்பளியின் ஓரத்தைப் பிடித்தார். கோகிலா அவர் கையின் மேல் கையைப் போட்டாள். புடவையெல்லாம் என் ரத்தம், முடி அவிழ்ந்து கழுத்தில் ஒட்டிக்கிடக்கிறது, ஆளைப் பார்க்கவே பயமாக இருந்தது. "கைய எடுங்க." "அம்மா, வெயிலுக்கு..." "வெய்யிலாவது மண்ணாவது, எடுங்கன்னா எடுங்க. அவருக்குக் குளுருது." "அவரு சொன்னாராம்மா?" என்றார் அவர், குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கோகிலா நின்றாள். ஸ்ட்ரெச்சர் நிற்கவில்லை, அவளும் கூடவே நடக்க வேண்டியிருந்தது. "சொன்னாருங்க" என்றாள். "ரெண்டு வாட்டி சொன்னாரு. நாந்தான் நம்பல." நான் அவளைப் பார்த்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், பரவாயில்லை என்றோ, விடு என்றோ. நாக்கு பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு எழும்பவில்லை, கண்ணை மட்டும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே போனேன். பெரியவர் கம்பளியை விட்டார், விட்டதோடு நிற்காமல் என் கழுத்தடியில் இன்னும் கொஞ்சம் செருகியும் விட்டார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கோகிலாவை நிறுத்திவிட்டார்கள். கம்பளியை மட்டும் உள்ளே விட்டார்கள்.